கேதம் கேட்காத வீடு

தம்பி,

நேற்று நீ கைப்பேசியில் அனுப்பிய ஒரு வரியைப் பார்த்தேன். "அப்பா, தாத்தாவுக்கு வயசாச்சு, விட்டுருங்க ப்ளீஸ்." ஒரு வரிக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம், முடியாது என்று. அப்படிச் சொன்னால் உனக்குக் கோபம்தான் மிஞ்சும், காரணம் தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மடித்து ஒட்டப்போவதில்லை. தர்ஷினியும் படிக்கட்டும், அவளுடைய அப்பா அம்மாவும் படிக்கட்டும், அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீ வாசித்துக் காட்டு. தர்ஷினி நல்ல பெண். உன்னைவிடப் பொறுப்பானவள். உங்கள் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் வழக்கு அவளுடைய தாத்தா, பழைய ரப்பர்த் தோட்டத்து மேஸ்திரி ராசப்பன் மண்டோரோடு. பந்தக்கால் ஊன்றுவதற்கு முன் அவர் நம் வீட்டுக்கு வந்து என் அம்மாவின் சாவுக்குக் கேதம் கேட்க வேண்டும். கேட்டால் மணவறையில் உன் பக்கத்தில் நிற்பேன். கேட்காவிட்டால் நிற்கமாட்டேன். இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இது ஏன் என்பதற்கான விளக்கம்.

நிச்சயத்தன்று ஈப்போவில் அவர்கள் வீட்டு ஹாலில் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். தட்டு மாற்றி முடித்தபிறகு அந்தப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முடி போயிருந்தது, உடம்பு சுருங்கியிருந்தது, அந்தத் தாடை மட்டும் அப்படியே இருந்தது. நம் ஆட்கள் முதன்முதலில் சந்தித்தால் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "எந்தத் தோட்டம் நீங்க?" சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம தோட்டம்லா. யாரு மவன்?" அப்பா பெயரைச் சொன்னேன். "ஆமா ஆமா, மேட்டு லயம். ஒங்கம்மா சிவகாமி, மருந்தடிக்குமே, நல்ல வேலக்காரி. அம்மா நல்லா இருக்காங்களா?"

அவர் ஞாபகம் தப்பியவர் என்று நீ நினைத்தால் அது தவறு. துரை வளர்த்த நாயின் பெயரைக்கூடச் சொல்லிச் சிரித்தார். மாரியம்மன் திருவிழாவில் யார் எந்த வருஷம் காவடி எடுத்தார்கள் என்றும் சொன்னார். என் அம்மா செத்தது மட்டும் அவர் நினைவில் இல்லை. அது அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. நல்ல காரியத்தில் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது உன் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நல்லா இருக்காங்க" என்றேன். உடனே அவர், "கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வாங்க, பாக்கணும்" என்றார். நீ சிரித்தாய். அப்பா சமாளித்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். நான் அந்த ஹாலில் என் அம்மாவை அந்த மனிதனுக்காக உயிரோடு எழுப்பி உட்கார வைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த கேசரியைத் தின்றுகொண்டிருந்தேன்.

பாட்டி நோயில் இறந்தாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுக்கதை அது இல்லை. அவள் தோட்டத்தில் களைமருந்து அடிக்கிற வேலை செய்தாள். மருந்து நிரப்பிய பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரை நிரையாக நடக்கவேண்டும். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. பம்பு ஒழுகி அவள் முதுகு எப்போதும் வெந்து கிடக்கும். என் அப்பா தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ராசப்பன் மண்டோருக்குத் துரையிடம் திட்டு விழுந்தது. பிறகு அம்மா படுத்தாள், மூச்சு வாங்கி வாங்கி இறந்துபோனாள். அந்தப் பம்பில் என்ன ஊற்றினார்கள், அது ஒரு நெஞ்சை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் எடுத்தேன். உன் நண்பர்களிடம் என் அப்பா கெமிஸ்ட் என்று பெருமையாகச் சொல்வாயே, அதன் காரணம் இதுதான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு சாவு விழுந்தால் அன்று விடியற்காலையில் பெரட்டு மணி அடிக்கமாட்டார்கள். மண்டோரே லயம் லயமாக நடந்து, இன்னார் போய்விட்டார் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போவார். மணி அடிக்காவிட்டால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, யாரும் போகவேண்டியதில்லை. எடுக்கும்வரை எல்லாரும் செத்தவர் வீட்டில் இருப்பார்கள். என் அம்மா செத்த அன்று மணி அடித்தது. அடித்தவர் ராசப்பன் மண்டோர். எல்லாரும் வேலைக்குப் போனார்கள். ஒப்பாரி வைக்க ஒரு பெண் வரவில்லை. அம்மாவை அப்பாவே குளிப்பாட்டினார். பாடையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அப்பா ஒருவர். ரப்பர்பால் ஏற்ற வந்த மலாய்க்கார லோரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வந்த சீனர் ஒருவர் மீன்பெட்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்தார். நான்காவது ஆள் சிறுவனான நான். கொள்ளிச் சட்டி பிடித்து முன்னால் நடக்கவேண்டியவன் பாடையைத் தூக்கினேன். சட்டி பிடிக்க ஆள் இல்லை. சட்டி இல்லாமலே கொண்டுபோனோம். அந்த மாதமே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய்க்கு வந்து கல்லுடைக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சாகும்வரை அந்தத் தோட்டத்தின் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

நிச்சயம் முடிந்து, அச்சாகி வந்த பத்திரிக்கைக் கட்டில் ஒரு பகுதியை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். தோட்டத்து ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பீடோரில், சுங்கையில், சிலிம் ரிவரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அங்க யாரு இருக்கா ஒங்களுக்கு? பத்திரிக்கை வைக்கப் போறீங்களா, ஆள் சேக்கப் போறீங்களா?" "ரெண்டுக்கும்தான்" என்றேன். "அப்ப கார எடுத்துட்டுப் போங்க, இந்த முட்டிய வச்சிக்கிட்டு நடக்கப்போறாராம்" என்றாள். காரில் போகக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். காரில் போனால் கேட் அருகே நின்று வாங்கிக்கொண்டு, வாரோம் வாரோம் என்று அனுப்பிவிடுவார்கள். நடந்து வந்தவனை உட்காரச் சொல்லாமல் அனுப்ப நம் ஆட்களுக்கு மனம் வராது. உட்கார்ந்தால் பேச்சு வரும். எனக்குப் பேச்சு வேண்டியிருந்தது. அந்த மணியைக் கேட்டவர்கள் வாயால் அதைக் கேட்கவேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரையும் கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்து, ராசப்பன் மண்டோர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டு வரவேற்கும்படி செய்யவேண்டும் என்பதுதான் அப்போது என் திட்டம்.

பழைய சாலையில் கோப்பெங்கை நோக்கி நடந்தேன். தோளில் ஒரு பை, கையில் குடை. இந்தக் காலத்தில் நடந்து போகிற ஆளைக் கண்டால் ஜனங்களுக்குத் தாங்காது. வேண்டுதலா, வண்டி கெட்டுப்போச்சா, பிள்ளைகள் துரத்திவிட்டார்களா என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் அவர்கள் கதை தொடங்கிவிடும். செம்பனைத் தோட்டம் ஒன்றின் கேட்டில் காவல் வேலை பார்க்கும் சவரிமுத்து என்பவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாதி வாழைப்பழப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். பாகான் டத்தோக்காரர். அங்கே தென்னந்தோப்பில் அண்ணனோடு சண்டை, அண்ணன் வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்று கோயிலில் வைத்தே சத்தியம் செய்தாராம். "அண்ணன் செத்தப்ப போனேன்லா. போகாம எப்டி? ஆனா வாசப்படி ஏறல. ரோட்டுலயே நின்னேன். தாகம். கையோட ஒரு மினரல் வாட்டர் வாங்கிட்டுப் போயிருந்தேன், அதத்தான் குடிச்சேன்."

"சத்தியத்தக் காப்பாத்திட்டீங்க அண்ணே" என்றேன்.

"காப்பாத்துனேன். யாரும் பாக்கலையே. அவன் பொண்டாட்டி அழுதுகிட்டு இருந்தா. எம்மவன் கேக்குறான், ஏம்பா ரோட்டுல நின்னு தண்ணி குடிக்கிற, உள்ள ஐஸ் தண்ணி இருக்குன்னு." அவர் தலையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இதிலிருந்து நான் மன்னிக்கக் கற்றுக்கொண்டிருப்பேன் என்று நீ எதிர்பார்ப்பாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எதிரிக்குத் தெரியாமல் வைராக்கியம் காத்தால் கடைசியில் தாகம்தான் மிஞ்சும் என்று கற்றுக்கொண்டேன். உனக்கும் சொல்கிறேன். யாரிடமாவது உனக்கு மனத்தாங்கல் இருந்தால் அதை உள்ளே வைத்து வளர்க்காதே. அவர் எதிரே போய் நின்று சொல். உன் தாத்தா சொல்லாமல் செத்தார். அது அவரைத் தவிர யாரையும் சுடவில்லை.

கம்பாரில் மழை பிடித்துக்கொண்டது. காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்றில் ஒதுங்கினேன். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நனைந்த பையை உலர்த்த இடம் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே புருஷன் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என்று அந்த வீட்டுத் துணி முழுவதையும் கையால் துவைத்தவளாம். மிஷின் வாங்கினால் கரண்டு பில் ஏறும் என்று மாமியார் வாங்கவிடவில்லை. ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். "இப்ப அந்தக் கெழவிதான் அங்கிள் வாரவாரம் துணி மூட்டையோட வருது. நான் வணக்கம் அத்தைன்னு சொல்வேன். காசு போடுங்க அத்தை, அப்பத்தான் சுத்தும்னு சொல்வேன். மாத்திக் கொடுக்கக்கூட மாட்டேன், எதிர்க்க கடையில போயி மாத்திட்டு வரும்." அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்க்க வேண்டுமே. நல்ல பழி என்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை. முறைப்படி நடப்பது ஒன்றே போதும். மழை விட்டதும் அவள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தாள், பத்திரிக்கைகள் நனையாமல் இருக்க. அவளுக்கும் ஒன்று வைத்தேன். அவள் வருவாள்.

பீடோரில் லெட்சுமி அக்காவின் வீடு மலிவு விலைக் குடியிருப்பில் கடைசி வரிசை. என் அம்மாவோடு சேர்ந்து மருந்தடித்தவள், அம்மாவைவிட வயதில் மிகவும் சின்னவள். வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து என் கன்னத்தைப் பிடித்தாள். நான் பையிலிருந்து தட்டை எடுத்து வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிக்கையை வைத்து நீட்டினேன். அவள் கை பின்வாங்கிவிட்டது.

"நான் வாங்கக்கூடாது தம்பி."

"ஏன்க்கா?"

"ஒங்கம்மா சாவுக்கு வராதவ நான். கெட்டதுக்கு வராதவ நல்லதுக்கு எப்டி வருவா? ஒங்கல்யாணம் எல்லாம் காதுல விழுந்துச்சு. வரணும்னு இருக்கும். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வர்றது?"

தட்டை நீட்டியபடியே நின்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். "தட்ட வெளிய வை. வாசல் ஸ்டூல் மேல வை. உள்ள வா. மொதல்ல நான் கேதம் கேட்டுக்குறேன். அப்புறம் தாம்பூலம் வாங்கிக்குறேன்" என்றாள். உள்ளே போனதும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். என்னையும் எதிரே உட்காரச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாள். "எங்க சிவகாமியக்கா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா தம்பி, அம்மாவுக்கு என்னடா ஆச்சு?"

உனக்கு இந்த முறை தெரியாது, சொல்கிறேன். கேதம் கேட்பவர் ஆறுதல் சொல்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். செத்தவர் வீட்டுக்காரன் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். கேட்டவர் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. உன் அம்மாகூடக் கேட்டதில்லை. நான் சொன்னேன். முதுகு வெந்ததைச் சொன்னேன், மூச்சுக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னேன், அப்பா குளிப்பாட்டியதைச் சொன்னேன். இந்த வயதில் ஒரு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு தன் பங்கைச் சொன்னாள். "மணி அடிச்சதும் எனக்குக் கால் ஓடல. ஆனா போனேன். அன்னிக்கு எனக்குக் கொடுத்த பம்பு ஒங்கம்மாவோடது. மண்டோருதான் எடுத்துக் கொடுத்தாரு. செம்மண் ரோட்டுல பாடை போறத நெரையில இருந்து பாத்தேன். ஒருபக்கம் தாழ்ந்து, ஒருபக்கம் ஒசந்து போச்சு. கொள்ளிச் சட்டி இல்ல. நான் பம்ப எறக்கி வைக்கல தம்பி. எறக்கி வச்சிருக்கணும்."

பிறகு எழுந்து முகம் கழுவினாள், பொட்டு வைத்தாள், வாசலுக்குப் போய், "இப்பக் குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பத்திரிக்கையைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெண் வீட்டார் பெயர் வந்ததும் நிறுத்தினாள். "எந்த ராசப்பன்?" சொன்னேன். "அவரு கேதம் கேட்டாரா?" இல்லை என்றேன். "கேதம் கேக்காத வீட்டுல எப்டிடா கை நனைச்ச?" என்றாள். கேசரி தின்றதை ஒப்புக்கொண்டேன். அவளே பிறகு சொன்னாள். "பந்தக்கால் ஊன்றதுக்கு முன்ன வரச் சொல்லு. ஊனிட்டா கெட்ட பேச்சு வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்து ஒக்காந்து, நான் கேட்ட மாரி கேக்கட்டும். நாங்க எல்லாம் வந்து பாத்துக்குறோம்." மண்டப வாசலில் அவரைக் கும்பிட வைக்கும் என் திட்டம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. கும்பிடு ஒரு நொடியில் முடிந்துவிடும். இது முடியாது.

சுங்கையிலும் சிலிம் ரிவரிலும் நான் போவதற்குள் லெட்சுமி அக்காவின் போன் போய்ச் சேர்ந்திருந்தது. நான் நடந்து வருவதைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்தார்கள். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் யார் முதலில் கேட்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். "நீதான்டி மொதல்ல பெரட்டுக்கு ஓடுன." "நீங்க ஒங்க சைக்கிள்ல என்னைத் தாண்டிப் போனீங்க." கடைசியில் இருவரும் சேர்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் கதையையும் கேட்டேன். தோட்டத்தை விற்றபிறகு எங்கே போனார்கள், எந்தப் பிள்ளை பார்த்துக்கொள்கிறான், எவன் பார்க்கவில்லை, யாருக்கு இடுப்பு போனது, யாருக்குக் கண் போனது. அவர்களை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பத்திரிக்கை வைத்தேன். சொல்லச் சொல்ல எனக்குச் சொல்வதும் பழகிவிட்டது. இப்போது ஒரு வார்த்தை தடுக்காமல் சொல்வேன்.

அவர்கள் எல்லாரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வருகிறார்கள். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, ஆனால் நாற்காலிகளுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் பந்தக்கால். அதனால் ராசப்பன் மண்டோருக்கு இருப்பது அந்த ஒரு காலைதான். நீ அவரை அழைத்து வர வேண்டும். அவர்கள் பழத்தட்டோடு வருவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல். வெறுங்கையோடு வரவேண்டும். அவர் மன்னிப்புக் கேட்கிறேன் என்பார். அதுவும் வேண்டாம். மன்னிப்பு என்பது பேச்சை முடிப்பதற்காகச் சொல்கிற சொல். நீயும் உன் வாழ்க்கையில் தர்ஷினியிடம் அதைச் சொல்லித் தப்பிக்காதே. அவள் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேள். அவர் தரையில் உட்கார முடியாது என்றால் நாற்காலி போடுகிறேன், அந்த மரியாதை உண்டு. உட்கார்ந்து, என் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அவர் வாயால் கேட்க வேண்டும். நான் முதலிலிருந்து சொல்வேன். அவர் பம்பை எடுத்துக் கொடுத்ததையும் சொல்வேன். அவசரப்படமாட்டேன். அவர் நடுவில் தண்ணீர் கேட்டால் தருவேன். எழுந்திருக்க விடமாட்டேன்.

நீ என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் மணவறையில் பொய் முகத்தோடு நிற்கிற அப்பனைவிட அது மேல். அவர் வரவில்லையென்றால் பந்தக்காலை உன் பெரியமாமா ஊன்றட்டும். எனக்கு அதில் வருத்தம் இருக்கும், ஆனால் சந்தேகம் இருக்காது. அவர் வந்தால், கேட்டு முடித்ததும், போய்ட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போக வேண்டும். கேதம் கேட்டவர் அப்படித்தான் போக வேண்டும், முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வை. அதற்குப்பிறகு மண்டபத்தில் அவர் எனக்குச் சம்பந்தி வீட்டுப் பெரியவர். நானே மாலை போடுவேன்.

காரை நம் வீட்டு வாசல்வரை கொண்டு வராதே. தெருமுனையில் நிறுத்து. அங்கிருந்து அவர் நடந்து வரட்டும், இரண்டு பக்கமும் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரட்டும். நீ அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வழியில் விழுந்துவிடக் கூடாது. அவர் எனக்கு முழுதாக வந்து சேர வேண்டும்.

அப்பா